நாலாவதாக நிற்பவன்

வெள்ளோடையில் மூன்று பேராகச் சேர்ந்து நின்றால் போட்டோ விழாது. மூன்று பேர் நின்று படம் எடுத்தால் ஆகாது என்று மற்ற ஊர்களில் சும்மா சொல்லிக்கொள்வார்கள். வெள்ளோடையில் கேமராவே அதைப் பார்த்துக்கொள்கிறது. பிரிண்ட் போட்டால் வெறும் வெள்ளைக் காகிதம்தான் வரும். அப்பா, அம்மா, ஒற்றைப் பிள்ளை என்று இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நாலாவதாக நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் தணிகைவேல்.

அவனை யாரும் நியமிக்கவில்லை. குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர், வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஈ காக்கை கிடையாது. குடும்பஸ்தன் போய் நின்றால் அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளும் கூடவே எண்ணிக்கையில் சேர்ந்து படம் கலங்கிவிடும். தனிக்கட்டைதான் சுத்தமாக விழுவான். "ஒரு அஞ்சு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போங்க சார்" என்று கூப்பிட்டால் போதும், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஜென்மம்.

இத்தனைக்கும் அவனும் படம் எடுக்கிறவன்தான். பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கேமரா மன்றத்தோடு சேர்ந்து சுற்றுவான். மொட்டைமாடிக் கொடியில் காயும் ஒற்றைச் சட்டை, மழையில் நனையும் சைக்கிள் சீட், இப்படித்தான் எடுப்பான். அதற்குள் யாராவது தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பத்தொன்பது வருஷத்தில் பாதி ஊர் ஆல்பங்களில் ஏறிவிட்டான். ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்கு ஒரு கதை இருந்தது. பிள்ளைகள் "இது யாரு?" என்று கேட்குமே, எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்! மரக்கடை வீட்டில் அவன் மஸ்கட் போன சித்தப்பா. ரைஸ்மில் வீட்டில் கோபித்துக்கொண்டு சாமியாராகப் போன தாய்மாமன். கம்பவுண்டர் வீட்டில் ஆற்றோடு போய்விட்ட பெரியப்பா. வருஷா வருஷம் தை அமாவாசைக்கு அவனுக்குப் படையல் போடுகிறார்கள், அவனையும் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார்ந்து, வடை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஏன் லேட்டு என்று கேட்க நாதி கிடையாது. அதுதான் அவனுக்குத் தாங்காது.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. இன்னொருவர் பக்கத்தில், இரண்டே பேராக, ஒரு படத்தில் நிற்க வேண்டும்.

அந்த வருஷம் மன்றத்தில் சுகுணவதி வந்து சேர்ந்தாள். மருந்துக்கடையில் வேலை. அவளும் தனிதான். பூட்டிய கதவுகளாகத் தேடித் தேடிப் படம் எடுப்பாள். ஏழெட்டு ஞாயிறு சேர்ந்து சுற்றிய பிறகு, ஏரி மதகுக்குப் பக்கத்தில் வைத்து அவளே கேட்டாள்.

"தணிகைவேல், நாம ரெண்டு பேரும் ஒண்ணு எடுத்துக்குவமா?"

கேமராவை ஒரு கல்லின்மேல் வைத்து, டைமரைத் திருகிவிட்டு ஓடிவந்து மதகுச் சுவரோரம் நின்றான். தோளோடு தோள் பட்டது. அவள்மேல் லேசாக மருந்துக்கடை வாசனை.

புதன்கிழமை படம் வந்தது. இடது ஓரத்தில் சுகுணவதி, வலது ஓரத்தில் தணிகைவேல். நடுவில் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் சுவர். நாலாவதாகவே நின்று பழகிய உடம்பு நாலாவது இடத்தில் போய் விழுந்திருந்தது.

"நடுவுல ரெண்டு பேர் வரணும் போலிருக்கே" என்றாள் சுகுணவதி.

"ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு எடுத்துப் பாப்போம்" என்றான்.

சனிக்கிழமை காலையில் அந்த இரண்டு பேரும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். சுகுணவதியின் கணவனும் ஏழு வயது மகளும். அதுவரை அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. "பஸ் லேட்டா?" என்று கேட்டுவிட்டு, உலையில் இன்னும் ரெண்டு ஆழாக்கு அரிசி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தணிகைவேல் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சார், வீட்டுக்காரர் வந்திருக்காரு. பாப்பாவோட சேத்து மூணு பேரா இருக்கோம். ஒரு அஞ்சு நிமிஷம் வந்து நிக்கிறீங்களா?"

அவனுக்கு மாட்டேன் என்று முதல்முறையாக வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவளுடைய காகிதம் வெள்ளையாகப் போயிருக்கும். அவள் முகம் அதில் இல்லாமல் போவதை நினைக்க மனசு கேட்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினான்.

படம் அருமையாக விழுந்தது. தனக்கொரு பிரதி வாங்கிக்கொள்ள அவள் வீட்டுக்குப் போனபோது, சுகுணவதி படத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். 'இடமிருந்து வலம்: சுகுணவதி, மகள் மதுரவாணி, கணவர் தணிகைவேல்.' அதோடு பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பேரு என்னங்க?"

"தணிகைவேல்."

"அது இவரு பேருங்க" என்று கணவனைக் காட்டினாள். அவன் சிநேகமாகத் தலையை ஆட்டினான். "உங்க பேரைச் சொல்லுங்க."

தணிகைவேல் யோசிக்க ஆரம்பித்தான்.

"அவசரமில்ல, நிதானமா யோசிச்சே சொல்லுங்க" என்று சுகுணவதி பேனாவை மூடாமல் காத்திருந்தாள்.