உள்பக்கம் நான்கு நட்டு

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருப்பவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். இந்தக் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது என்று அவரே வாரம் ஒருமுறை சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

தெருவில் ஆறு குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. ஒரு குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அதன் பிறகு சுகாதார அலுவலகத்தார் வீடு வீடாக வந்து எல்லோர் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். லிஃப்ட்காரருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல்கூட இல்லை, ஆனால் கிருமி இருந்தது. மாத்திரை கொடுத்து, பதினான்கு நாள் வெளியே வரக்கூடாது என்றார்கள். மூன்றாம் நாளே வெளியே போய்விட்டார். எங்கோ லிஃப்டில் ஐந்து பேர் மாட்டிக்கொண்டதாக ஃபோன் வந்ததாம். அவர்களை இறக்கிவிட்டு, வரும் வழியில் ஒரு டீயும் குடித்திருக்கிறார். டீக்கடையில் சுகாதார ஆய்வாளர் கண்ணிலேயே பட்டார்.

அன்று மதியம், அவர் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட உத்தரவு வந்தது. பூட்டும் இரண்டு சாவிகளும் அலுவலகத்துடையவை. பூட்டு மாட்டும் கொண்டியைப் பொருத்துவது மட்டும் எங்கள் வேலை. நான் பகலில் மாமாவின் பூட்டுக் கடையில் வேலை செய்கிறேன், மாலையில் வரைபட வகுப்புக்குப் போகிறேன். நம்ம கட்டடம்தானே, நீயே போட்டுட்டு வா என்று மாமா அனுப்பிவிட்டார்.

எனக்கு அந்த உத்தரவு பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை. இரண்டாவது மாடியில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா குழந்தைக்கு இரண்டு மாதம். ஒரே ஒரு தடுப்பூசிதான் போட்டிருக்கிறது. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்து வேலை பார்த்தேன். லிஃப்ட்காரர் அறையின் அந்தக் கோடியில் சுவரோடு ஒட்டி நின்றார். வழக்கமாக வாய் ஓயாதவர், நான் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொண்டியைக் கதவில் வைத்து நான்கு போல்ட் முடுக்கினேன். ஆய்வாளர் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அன்று வகுப்பில், பகலில் செய்த ஏதாவது ஒரு பொருத்தலின் குறுக்குவெட்டை வரையச் சொன்னார்கள். நான் கதவை வரைந்தேன். இடது பக்கம் வெளி, வலது பக்கம் உள். போல்ட்டின் உருண்டைத் தலைகளை இடது பக்கம் போட்டேன். வலது பக்கம் நட்டு வரைய ஆரம்பித்தபோது பென்சில் நின்றுவிட்டது.

நட்டு எப்போதும் உள்பக்கம்தான் இருக்கும். வெளியிலிருந்து வருகிற திருடன் கழற்ற முடியாமல் இருப்பதற்காக அப்படிப் போடுவோம். இரண்டு வருடமாக அப்படித்தான் போடுகிறேன். ஆனால் இந்தக் கதவில் அடைபட்டவர் உள்பக்கம் இருக்கிறார், அதுவும் வீடு நிறைய ஸ்பேனரோடு. கை பழக்கத்தில் செய்ததா, அவர் சுவரோடு நின்ற கோலத்தைப் பார்த்து நானே அறியாமல் செய்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆய்வாளரிடம் சொன்னால் காலையில் கழற்றி மாற்றிப் போட வேண்டும். சொல்லாவிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது என் கையால் ஆனது. அக்காவிடமும் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை, அக்கா கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரத்தை மேலே கொண்டுபோய் வராந்தாப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"அண்ணே, நட்டு உள்பக்கம் இருக்கு."

"தெரியும் பாப்பா. நீ ரெண்டாவது நட்டு முடுக்கும்போதே பாத்துட்டேன்."

"கழட்டிப் பாத்தீங்களா?"

"நேத்து சாயங்காலமே. நாலையும் கழட்டினேன், கதவு திறந்துச்சு. மறுபடி மூடி, முடுக்கி வச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் சாப்பாடே உள்ள இறங்கிச்சு."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழு மணி நேரம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதை அப்போதுதான் சொன்னார். அதையும் சிரிப்பாகத்தான் சொன்னார், ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை விடவில்லை.

"அன்னிக்கு நான் போனது தப்பு. கீழ குழந்தை இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா தீப்பிடிச்சா என்ன பண்றதுன்னு அந்த ஆய்வாளரைக் கேட்டேன். ஃபோன் பண்ணுங்கறாரு. நான் போகமாட்டேன் பாப்பா. போக முடியும்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

நான் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. நல்லது செய்தேன் என்றும் எனக்குத் தோன்றவில்லை. காலையும் மாலையும் மாடிக்குப் போய் போல்ட் தலைகள் அசைந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். உனக்கு என்ன அவர்மேல் திடீர்க் கரிசனம் என்று அக்கா கிண்டல் செய்தாள்.

ஒன்பதாம் நாள் மாலை மேலே சத்தம் கேட்டது. படியில் நின்று காது கொடுத்தேன். யாரோ லிஃப்டில் மாட்டியிருக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவருக்கு இவர் ஃபோனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். மேலே இருக்கிற லீவரை இழு, அதை இல்லை, அறிவுகெட்டவனே, அதற்குப் பக்கத்தில் இருப்பதை என்று கத்தினார். நாற்பது நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் நட்டு சுழலும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. கடைசியில் இறங்கிட்டாங்களா, சரி என்று மட்டும் கேட்டது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரை முடிந்து இரண்டு பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்த அன்று, ஆய்வாளர் விடுவிப்புத் தாளோடு வந்தார். கொண்டியைக் கழற்ற என்னையும் வரச் சொல்லியிருந்தார். பையில் கைவிட்டுத் துழாவினார். வேறொரு வீட்டின் சாவிக் கொத்தை எடுத்து வந்திருக்கிறார். அரை மணியில் வந்துவிடுகிறேன் என்றார்.

"லிஃப்டுக்குள்ள இருக்கறவங்ககிட்ட நானும் அப்படித்தான் சொல்லுவேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சார், தாள்ல கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப நான் வெளிய வரலாம்?"

"சட்டப்படி வரலாம், ஆனா சாவி..."

உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்டது. நான்கு முறை. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே தள்ளப்பட்டு ஆய்வாளரின் காலடியில் விழுந்தன. கொண்டி பூட்டோடு நிலைச்சட்டத்தில் தொங்க, கதவு திறந்தது.

ஆய்வாளர் கொண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"முதல் நாள்லேருந்து சார்" என்றேன்.

அவர் குனிந்து ஒரு போல்ட்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாத அந்தக் குழந்தையின் வீட்டுக்கும் அவர்தான் போய் வந்தவர் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"உத்தரவுல நட்டு எந்தப் பக்கம்னு எழுதல" என்றார் கடைசியில். போல்ட்டை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். என்மேல் கோபமா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

லிஃப்ட்காரர் எனக்குப் பின்னால் இறங்கி வந்தார். எங்கள் வாசலில் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இனி பயமில்லை, வாங்க அண்ணே என்றாள். அவர் ஐந்து படி மேலேயே நின்றுவிட்டார்.

"இருக்கட்டும்மா. ரெண்டாவது ஊசி போட்டப்புறம் வர்றேன்."

அங்கிருந்தபடியே குழந்தைக்குக் கையாட்டினார். குழந்தை கொட்டாவி விட்டது.