சூடு ஆறாத மெத்தை

“மூணாவது மெத்தைங்க இது. இதுவும் சுடுதுன்னா கோளாறு மெத்தையில இல்ல, உங்க வீட்டுலதான்,” என்று சொல்லிக்கொண்டே மெத்தைக் கடைக்காரர் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. வெயில் படாமல் வண்டியில் வந்த மெத்தை அது. பிரித்துப் போட்ட உடனே, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் நடுவில் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அதில் உடம்புச் சூடும் எஞ்சின் எண்ணெய் வாடையும் இருந்தன. கடைக்காரர் பழைய மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரர் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து இப்படித்தான். அவர் எங்கே படுக்கப் போனாலும் அந்த இடம் முன்கூட்டியே சூடேறியிருக்கும். தெருக்காரர்கள் முதல் மழைக்காலத்தில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் காயாத துணிகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதுவும் அலுத்துப்போய் மறந்துவிட்டார்கள். மனைவி மட்டும் மறக்கவில்லை. இந்த மெத்தையும் சரிப்படாவிட்டால் தங்கச்சி வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லி, பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தாள்.

கடைக்காரரை வீட்டுக்காரர் சும்மா அனுப்பவில்லை. டீ கொடுத்து, வழக்கம்போல் கப்பல் கதையை அவிழ்த்துவிட்டார். கடல் ஆடும் நாளில் சாப்பிடத் தொடங்குவது நம் தட்டில், முடிப்பது பக்கத்து ஆள் தட்டில். முடிவெட்டுகிறவர் அலைக்குத் தகுந்தபடி கத்தரி போட்டதால் ஒருமுறை கப்பல் முழுக்கக் கோணல் தலையோடு திரிந்தது. சூப்பில் உப்பில்லை என்று அதிகாரி வாயைத் திறந்த நேரத்தில் ஜன்னல் வழியே ஓர் அலை வந்து குறையைத் தீர்த்துவைத்தது. கடைசியில் எப்போதும் கட்டில் கதைக்கு வந்து சேர்வார். இடம் பற்றாத கப்பல், இரண்டு பேருக்கு ஒரே கட்டில். எஞ்சின் அறைக்காரன் ஒருவன் வேலை முடிந்து வந்தால் இவர் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும், இவர் திரும்பினால் அவன் எழுந்து போவான். வருஷக்கணக்காக ஒருவன் விட்டுப்போன சூட்டில் மற்றவன் தூங்கினான். கரியும் எண்ணெயும் இல்லாத அவன் முகத்தை இவர் பார்த்ததே இல்லை. சம்சாரத்தைவிட அவனோடுதான் அதிகம் குடித்தனம் நடத்தினேன் என்பார், கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் அவன், “எந்திரிக்காதீங்கண்ணே. குளிருது. கொஞ்சம் தள்ளிப் படுங்க,” என்றானாம். ஒரு முழ அகலக் கட்டிலில் எங்கே தள்ளிப் படுப்பது என்று இவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனாராம். கதை அதோடு முடிந்துவிடும். அடுத்த துறைமுகத்தில் அவனைக் காய்ச்சலோடு இறக்கியதையும், அவன் திரும்பி வராததையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் தூக்கத்தில் உளறியதைக் கேட்டிருந்ததால் மனைவிக்கு மட்டும் அது தெரியும்.

கப்பலை விட்டு வந்தாலும் பழக்கம் அவரை விடவில்லை. மனைவி வந்து உட்கார்ந்து கட்டில் அசைந்தது என்றால், முறை மாறிவிட்டதுபோல் இவர் எழுந்து சமையலறைக்குப் போய் யாருக்கும் வேண்டாத வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருப்பார். அவள் எழுந்த பிறகுதான் வந்து படுப்பார். சூடு பொறுக்காமல்தான் அவள் போகிறாள் என்று மனதார நம்பியதால், மெத்தை மேல் மெத்தையாக மாற்றிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் போன பிறகு, மத்தியான வெளிச்சத்தில் அவர் புது மெத்தையில் படுத்துப் பார்த்தார். பள்ளம் அவர் முதுகுக்கு அச்சாகப் பொருந்தியது. வாசலில் பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. மனைவி உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். கட்டில் அசைந்தது. அவருடைய ஒரு கால் தானாகத் தரையைத் தொட்டது. அவள் பள்ளத்தின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. அப்படியே சாய்ந்து படுத்தாள்.

“சூடு கிடந்துட்டுப் போகட்டும். நீங்க எந்திரிக்காதீங்க,” என்றாள். “கொஞ்சம் தள்ளிப் படுங்க. அவரையும் தள்ளிக்கச் சொல்லுங்க.”