துளையிடாத பலகை

ஏப்ரல் ஒன்பது, காலை எட்டு நாற்பது. பனிச்சறுக்கு முடிந்து மலையேற்றும் லிஃப்ட் நிற்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்த வாரத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் புதிய பனிச்சறுக்குப் பலகை வாங்க மாட்டார்கள். கெப்ஹார்ட் வாங்க வந்திருந்தான்.

மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து என் பட்டறை பெஞ்சில் உட்காரவைத்தான். ரோஸ்விதா கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. பதினெட்டு வயதில் அவளும் நானும் ஒரே அணியில் சறுக்கினோம். அவளுடைய முதுகைப் பார்த்தபடியேதான் நான் எல்லாப் பந்தயங்களையும் முடித்தேன். பிப்ரவரியில், இனிப் பயனில்லை என்று, அவளுக்குச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்.

"எல்லாப் பனிக்கும் ஒரே ஜோடி வேணும், இர்மா. காலைல கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கு, மத்தியானம் கஞ்சியாயிடுது. வடக்குச் சரிவுல இன்னும் தூள் பனி இருக்கு. எல்லாத்துக்கும் ஈடு கொடுக்கணும். அடுத்த வருசமும்," என்றான் கெப்ஹார்ட்.

"என்னைக் கட்டிக்க இவன் இவ்வளவு யோசிக்கல," என்றாள் ரோஸ்விதா.

கெப்ஹார்ட் சிரிக்கவில்லை. ஒடுங்கிய பலகையையும் அகன்ற பலகையையும் மாற்றி மாற்றி வளைத்துப் பார்த்தான். நடுவில் எண்பத்தெட்டு மில்லிமீட்டர் அகலம் உள்ளதை எடுத்துக் கொடுத்தேன். இறுகிய பனியைக் கடிக்கும். தூள் பனியில் மூழ்காது. எதிலும் முதலாவதாக வராது, எதிலும் கைவிடாது. நீளம் நூற்றைம்பத்தெட்டு சென்டிமீட்டர். அவன் அதை வைத்துவிட்டு நூற்றெழுபத்திரண்டை எடுத்தான்.

"அவ அளவு எப்பவும் இதுதான்."

நான் படிவத்தை எடுத்தேன். எடை என்ன என்று கேட்க வேண்டும். பூட்ஸைப் பிடிக்கும் பூட்டின் இறுக்கத்தை எடையை வைத்துத்தான் முடிவு செய்வோம். அதிகமாக எழுதினால் விழும்போது பூட்டு விடாது, கால் உடையும்.

"அறுபத்திமூணு," என்றான் கெப்ஹார்ட்.

அவன் மலை மீட்புக் குழுவில் இருப்பவன். அப்படிக் கால் உடைந்தவர்களைப் பத்தொன்பது வருடமாக மலையிலிருந்து கீழே இறக்குகிறவன்.

ரோஸ்விதா தானே எழுந்து எடைக்கருவியில் ஏறினாள். மூவரும் எண்ணைப் பார்த்தோம். நாற்பத்திநான்கு.

"பூட்ஸ் போடலல்ல," என்றான் அவன். "பூட்ஸ் போட்டா கூடும்."

"கோட்டு போட்டிருக்கேன்டா."

நான் நாற்பத்திநான்கு என்று எழுதினேன். நான் எழுதுவதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார்லருந்து பூட்ஸ எடுத்துட்டு வரேன். இன்னிக்கே துளை போட்டுடு, இர்மா. நாளைக்குக் காலைல மேல போறோம்."

கதவு சாத்திக்கொண்டது. பலகையைப் பட்டறை மேசையின் இடுக்கியில் பொருத்தினேன். பூட்டை மாட்ட ஒருவருடைய பூட்ஸ் நீளத்துக்குத் துளையிட்டால் அது அவருடைய பலகை. பிறகு கடைக்குத் திரும்பாது.

ரோஸ்விதா மெல்ல நடந்து வந்தாள். கையுறையைக் கழற்றி, பந்தயக் காலத்தில் செய்வதுபோல, கட்டைவிரல் நகத்தைப் பலகையின் எஃகு விளிம்பில் இழுத்துக் கூர்மை பார்த்தாள். நகத்திலிருந்து வெள்ளைத் துகள் உதிர்ந்தது.

"நல்லாத் தீட்டியிருக்கே."

ஜன்னலுக்கு வெளியே கெப்ஹார்ட் காரின் மூடிய பின்கதவில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தான். திறக்கவில்லை. கூரையிலிருந்து உருகிய பனி அவன் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை.

அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துளை போடாம விட்டா, இது வேற யாருக்காவது ஆகும்ல, இர்மா?"