எதிர்வரிசைக் கணினிகள்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். கடை பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியில் இருந்தது உறுதி; கீழே இருந்தது பூக்கடையா நகைக்கடையா என்பது மறந்துவிட்டது. ஷாமினியின் முகம் மறக்கவில்லை.

குருவின் அந்த கேமிங் கடையில் ஜன்னலோர வரிசை கடை அணிக்கு. எதிர்வரிசை வெளியிலிருந்து வருபவர்களுக்கு. யார் வந்தாலும் தோற்றுத்தான் படியிறங்கினார்கள். பகலில் அலுவலகத்தில் ஷாமினியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கடை அணிக்கு ஆடும் அவள் கைவேகத்தைப் பற்றிக் கடையில் பேசாதவர்கள் இல்லை. தன்னுடையது என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

முன்பு ஒருமுறை வந்து தோற்றுப்போன தாமரையின் அணி கிள்ளானிலிருந்து மறுபடியும் வரவிருந்த சனிக்கிழமை, ஷாமினி தன் கணினி மக்கர் செய்ததால் பயிற்சிக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். ஆட்டத்தில் சும்மா நடக்கும்போது தாமதத்தைக் காட்டும் பிங் எண் முப்பதில் நின்றது. நாலு பேர் சேர்ந்து சுடத் தொடங்கியதும் இருநூறைத் தாண்டியது. அவள் சுட்ட குண்டு சுவரில் பட்டது. எதிரி எப்போதோ நகர்ந்திருந்தான். அமைப்புகளைத் திறந்தாள். சர்வரிலிருந்து விநாடிக்கு எவ்வளவு தரவு வாங்கலாம் என்கிற ரேட் அளவு அடிமட்டத்தில் கிடந்தது. சண்டை வலுத்தால் தரவு வழியிலேயே தேங்கிவிடும். அந்த வரிசையின் ஐந்து கணினிகளிலும் அப்படித்தான். ஜன்னலோரத்தில் மட்டும் முழு அளவு.

யாரோ தின்றுவிட்டுப் போன எச்சில் தட்டில் கை வைத்தது போலிருந்தது அவளுக்கு.

குருவிடம் கேட்டாள். கடை அணி ஜெயித்தால்தான் கூட்டம் வரும் என்றார் அவர், ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டே. அணித் தலைவன் பாலனுக்கு முதலிலிருந்தே தெரியுமாம்.

"ஒனக்கு என்ன லா?" என்று பாலன் சிரித்தான். "அடிச்சது ஒன் கைதானே."

"என் கைதானான்னு இனிமே எப்படித் தெரியும், அண்ணே?"

குரு சாப்பிடப் போன நேரத்தில் ஐந்து கணினிகளிலும் ரேட் அளவை முழுசாக ஏற்றினாள். அன்று கிள்ளான் அணி அவர்களை ஊதித் தள்ளியது. தாமரை நேருக்கு நேர் நின்றே ஷாமினியைத் திரும்பத் திரும்ப வீழ்த்தினாள்.

முடிந்ததும் தாமரை கைகொடுக்க வந்தாள். "இன்னைக்கு உங்க பக்கம் லைன் சரியில்லையா, சிஸ்?"

"லைன் நல்லாத்தான் இருக்கு. போன தடவை உங்க பக்கம்தான் மோசம். நாங்கதான் அப்படி வச்சிருந்தோம்."

தாமரை நீட்டியிருந்த கையை இழுத்து ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள்.

கிள்ளான் அணி அந்தப் படியில் மறுபடி ஏறவில்லை. குரு இன்னும் கடை நடத்துகிறார். பாலன் பெட்டாலிங் ஜெயாவில் வேறொரு கடை அணிக்குத் தலைவன். தாமரை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறாள். ஷாமினி ஆடுவதில்லை.