சிவப்புக்குக் கீழே ஏழாவது வளையம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை, போனில் வந்தது. என் அக்காவும் அத்தானும் ஒரு பாய்மரப் படகில் குடியிருக்கிறார்கள். வெதுவெதுப்பான ஒரு விரிகுடாவில் அந்தப் படகு எட்டு மாதமாக நங்கூரமிட்டு நிற்கிறது. நிற்கிறது என்பது உண்மை. நங்கூரமிட்டு என்பது பொய். சங்கிலி அறுந்துவிட்டது. அக்காவுக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியாது. படகுக்கும் தெரியாது போலிருக்கிறது, ஏனென்றால் அது இன்னும் நகரவில்லை.

அறுந்தது வெளியே தெரிந்தால் அவர்கள் படகை விற்றுவிட்டுக் கரைக்கு வந்தாக வேண்டும். அவர்களுக்குள் அப்படி ஒரு பேச்சு; மூன்றாம் பகுதியில் வரும். அக்காவால் இதை அத்தானிடம் வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் என்னைக் கதையாக எழுதச் சொன்னாள்.

ஏன் கதை? நான் எழுதுவதை வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் அத்தான். அச்சில் வந்த என் ஒரே கதை ஒரு கப்பல் தலைவனைப் பற்றியது. அதற்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அத்தானுடையது: நான்கு பக்கம், எல்லாம் பிழைத்திருத்தம். எனக்குக் கடல் தெரியாது. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கூட்டமில்லாத நேரங்களில் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் கப்பல் தலைவர்கள் எல்லோருக்கும் தாடி இருக்கும். மூன்று பத்திக்குக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எழுத எழுத அத்தானுக்கு அனுப்பிச் சரிபார்க்கிறேன். அவர் திருத்தங்களை மறைக்காமல் அப்படியே அடியில் போட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இந்த முதல் பகுதியை மட்டும் அனுப்பவில்லை. அடுத்ததிலிருந்து அவர் படிக்கிறார். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

2

அந்திச் சூரியன் கடலுக்குள் மெல்ல

(விட்டுவிட்டேன். இந்தச் சூரியன் ஏற்கெனவே பல நாவல்களில் இறங்கிவிட்டது.)

அவன் கடலைப் பார்த்தான். கடலும் அவனை

(இதையும் விட்டேன். "கடல் யாரையும் பாக்காதுடி. எங்க பாத்திரத்தக் கழுவத்தான் அது இருக்கு," என்றாள் அக்கா.)

காலை ஆறரை மணிக்கு அத்தான் படகின் முன்முனைக்குப் போய்ச் சங்கிலி மேல் உள்ளங்கையை வைத்தார்.* நாடி பார்க்கிற மருத்துவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். "நங்கூரம் மணல நல்லா கடிச்சிருக்கு," என்றார். பிறகு கரையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியும் அதற்கு நேராக விளக்குக் கம்பமும் நேற்று இருந்த மாதிரியே இருந்தன. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "இடம்: அதே" என்று எழுதினார். எட்டு மாதமாக இந்த இரண்டு சொற்கள்தான். எனக்குத் தெரிந்த மிகத் துணிச்சலான நாவல் அதுதான்.

உள்ளே, சாப்பாட்டு மேசையில் அக்காவின் தையல் மெஷினைக் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார்கள். மெஷின் மேசையில் இருந்தால் இருவரும் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் மெஷின் படுக்கைக்குப் போகும். சுற்றியிருக்கும் படகுகளின் கிழிந்த பாய்களையும் வெயில் துணிகளையும் அக்கா தைத்துத் தருகிறாள். ஏணியில் நின்று கழுத்துவரை கடலில் குளிக்கிறாள். உப்புப் போக, கடைசியில் ஒரே ஒரு குவளை நல்ல தண்ணீர். காற்றுக்குத் தகுந்தபடி படகு சுற்றுவதால் அடுப்படி ஜன்னலில் காலையில் ஊர் தெரியும், மதியம் வெறும் கடல். அடுப்படி கரையைப் பார்த்திருக்கும்போதுதான் போனில் டவர் கிடைக்கும். அதனால் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் எந்தப் பேச்சும் முடிந்ததில்லை.

* அத்தான்: உள்ளங்கை இல்லை, விரல் நுனி. மணி ஆறு இருபது.
 அத்தான்: கம்பத்துக்கு நேராகத் தொட்டி. தொட்டிக்கு நேராகக் கம்பம் என்பது வேறு இடம். அங்கே போனால் தரை தட்டும்.

3

எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதாநாயகரை யாராவது நம்புவார்களா?

அத்தானுக்குத் தாடி கிடையாது. பத்தொன்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். அக்கா ஒரு துணிக்கடையின் பின்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. தலைக்கு மேல் ஒரு ட்யூப்லைட், அதுவும் கண்சிமிட்டும். ஒரு நாள் அத்தான், தானே பழுது பார்த்த லிஃப்டில், பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். வெளியே வந்து அவர் சொன்ன முதல் வாக்கியம்: "ஒரு படகு வாங்கலாம்."

(அந்த மூன்று மணி நேரம் அவர் மனதில் என்ன ஓடியது என்று இரண்டு பக்கம் எழுதினேன். சரிதானா என்று அவரிடமே கேட்டேன். "ஒண்ணுக்கு வந்துச்சு," என்றார். இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.)

அக்கா ஒரு வாரம் யோசித்தாள்.

"வரேன். ஆனா ஒரு கண்டிஷன். நங்கூரம் ஒரே ஒரு தடவை பிடி விட்டாலும் படக வித்துட்டுக் கரைக்குத் திரும்பிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் போட்ட நங்கூரம் விடுமா?"

"நீங்க பாத்த லிஃப்ட் நின்னுச்சே."

அத்தான் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.*

* அத்தான்: எல்லாம் சரி. பேச்சு பேச்சுதான். ஆனால் அந்த லிஃப்ட் நின்றது கரண்ட் போனதால். இதைப் பெரிய எழுத்தில் போடவும்.

4

இந்தப் பகுதியையும் அடுத்ததையும் சேர்த்து அனுப்பப்போகிறேன். பதில் வரும்வரை அடிக்குறிப்பு இருக்காது.

நாற்பது நாளுக்கு முன்பு, ஒரு முற்பகல். அத்தான் ரப்பர் படகை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீர் பிடிக்கக் கரைக்குப் போயிருந்தார். அக்கா முன்முனையில் உட்கார்ந்து ஒரு பாயை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கத்தரிக்கோல் விழுந்துடுச்சுடி. என் பெரிய கத்தரிக்கோல்."

அது அத்தானைவிடப் பழையது. அதுவரை அக்கா கடலில் தலை நனைத்ததே இல்லை. பள்ளியில் அவள் நீச்சலுக்குக் கோப்பை வாங்கியவள் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவள் உட்பட. நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாடிப்படிக் கைப்பிடியைப் போலச் சங்கிலியைப் பிடித்து இறங்கியிருக்கிறாள்.

"செவப்பு பெயிண்ட் வந்துச்சு." (ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்பு அடையாளம் அத்தான் போட்டிருக்கிறார்.) "அதுக்குக் கீழ அஞ்சாவது வளையத்துல சங்கிலி முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சுன்னா?"

"முடிஞ்சு போச்சுன்னா முடிஞ்சு போச்சு. கீழ ஒண்ணும் இல்ல. மணலுக்கு இன்னும் ஒரு ஆள் உயரம் இருக்கு. சங்கிலி பாட்டுக்கு சும்மா தொங்குது. நங்கூரம் அந்தப் பக்கம் தனியா படுத்திருக்கு. அதுல ஒரு மீன் குடும்பமே குடித்தனம் நடத்துது."

"நீ என்ன பண்ணின?"

"கத்தரிக்கோல எடுத்துட்டு மேல வந்தேன்."

"அத்தான்கிட்ட சொல்லலியா?"

"தல துவட்டிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவரே வந்தார். சங்கிலி மேல கைய வச்சார். நல்லா கடிச்சிருக்குன்னார். அப்புறம் எப்படிடி சொல்றது?"

"சொன்னா நீ ஜெயிச்ச மாதிரிதானே? கரைக்கு வந்துடலாம்."

"அதான்டி பிரச்சனை. இங்க மெஷினுக்கு நேரா ஜன்னல் இருக்கு. மறுபடி போயி அந்த ட்யூப்லைட்டுக்குக் கீழ"

டவர் போய்விட்டது. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

நங்கூரமில்லாமல் படகு எப்படி நிற்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் மறுநாள் கேட்டேன்.

"ஏன், நீ நிக்கலியா?" என்றாள் அக்கா.

(இந்த இடத்தில் "நம்பிக்கைதான் நிஜமான நங்கூரம்" என்று ஒரு வரி இருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். "காலண்டர்ல போடு," என்றாள். அடித்துவிட்டேன்.)

5

பக்கத்துப் படகில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். யாரிடம் பேசினாலும் வாயைத்தான் பார்ப்பார். போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் திடீரென்று காற்று ஏறியது. அவருடைய நங்கூரம் மணலை உழுதுகொண்டே பின்னால் போனது. கையில் கயிற்றோடு ரப்பர் படகில் வந்துவிட்டார்.

"உங்க படகு பாறை மாதிரி நிக்குது. நான் இதோட கட்டிக்கறேன்."

"கயிறு பழசா இருக்கே டாக்டர்," என்றார் அத்தான்.

"போன வாரம் வாங்கினது."

"இந்தப் பக்கம் பெயிண்ட் ஈரமா இருக்கு," என்றாள் அக்கா.

"எங்க?"

"இனிமேதான் அடிக்கப்போறோம்."

டாக்டர் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போய் நான் இப்பத்தான் பாக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே கயிற்றைக் கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில், கரையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பதியின் படகும் வந்து டாக்டர் படகோடு கட்டிக்கொண்டது. மூன்று படகுகள் வரிசையாக ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. முதல் படகு எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அரை மணி நேரம் காற்று ஊளையிட்டது. ஒன்றும் அசையவில்லை. அத்தான் நோட்டை எடுத்து, "இடம்: அதே" என்று எழுதினார்.

காற்று அடங்கியதும் டாக்டர் நன்றி சொன்னார். "வெள்ளிக்கிழமை காலைல என் நங்கூரத்தத் தூக்கி மேல வச்சுடப்போறேன். மூணு படகுக்கும் உங்களது ஒண்ணே போதும்." ரொட்டிக்கடைத் தம்பதியும் தலையாட்டினார்கள்.

கதையாக எழுதச் சொல்லி அக்கா எனக்குப் போன் செய்தது அன்றைக்குத்தான். "எழுதிடுடி. அவர் படிக்கட்டும். ட்யூப்லைட்டோ என்னவோ, பாத்துக்கலாம். பல் டாக்டர் பாவம்."

6

புதன்கிழமை இரண்டு பகுதிகளையும் அனுப்பினேன். வியாழன் முழுக்கப் பதில் இல்லை. கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) படித்துவிட்டு அத்தான் எழுந்து போய்க் கடலைப் பார்க்கிறார். மூன்று பத்திக்குப் பார்க்கிறார். நான்காவது பத்தியில் தாடி வளர்ந்துவிடுகிறது.

(ஆ) அத்தான் சங்கிலியை மேலே இழுத்துப் பார்க்கிறார். அந்தக் கணத்தில் படகுக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. "அப்படியா?" என்பது போல ஒருமுறை குலுங்கிவிட்டு, இரண்டு படகுகளையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறது. ரொட்டிக்கடை அம்மாள் கரையைப் பார்த்துக் கையசைக்கிறாள்.

(இ) பேச்சு பேச்சுதான். படகு கைமாறுகிறது. பின்னறையில் அக்கா ஊசியில் நூல் கோர்க்கப் பார்க்கிறாள், ட்யூப்லைட் கண்சிமிட்ட

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

7

வெள்ளி காலை ஒன்பது மணி. கடையில் முதல் வாடிக்கையாளர், ஒரு பெரியம்மா, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு எழுத்து அட்டையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அத்தானின் பதில் வந்தது. முழுவதும் தருகிறேன்.

* பகுதி 4: நாற்பது நாள் இல்லை. அறுபத்து மூன்று.

* பகுதி 4: சிவப்புக்குக் கீழே ஐந்தாவது வளையம் இல்லை. ஏழாவது.

* பகுதி 4: மீன் குடும்பம் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு மீன். திரும்பத் திரும்ப வருவதால் பார்க்கிறவர்களுக்கு நிறைய மாதிரி இருக்கும்.

* பொதுவாக: இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டேன். நானே ஏதாவது உளறியிருப்பேன். அக்கா கடலில் இறங்குகிற இடமும், எழுதச் சொல்லி உனக்குப் போன் செய்கிற இடமும் நல்ல கற்பனை, ஆனால் நம்பும்படி இல்லை. அவள் ஏணியை விடமாட்டாள். ட்யூப்லைட்டுக்குப் பயப்படுவதும் நீயாகச் சேர்த்தது. கரைக்குப் போகலாமா என்றால் அவள் இப்போதே துணி மடிப்பாள். அதனால் ஓர் உதவி. இதை அவளிடம் காட்டாதே. சத்தியம் செய்திருக்கிறேன், மீற முடியாது. பல் டாக்டரை எப்படித் தடுப்பது என்று மட்டும் யோசித்துச் சொல். நீதானே கதை எழுதுகிறவள்.

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது போன் அடித்தது. அக்கா.

"வந்துச்சா? என்ன சொன்னார்?"

"நீ எங்க இருக்க?"

"பின்னால. அவர் முன்னால உக்காந்திருக்கார், போனும் கையுமா. டாக்டர் சங்கிலியச் சுத்த ஆரம்பிச்சுட்டார், கேக்குதா?"

கேட்டது. கடகடவென்று, நிதானமாக.

"சீக்கிரம் சொல்லு, அடுப்படி திரும்பறதுக்குள்ள. கோவமா இருக்காரா?"

அதற்குள் இன்னொரு அழைப்பு உள்ளே வந்தது. அத்தான். படகின் நீளம் ஒன்பது மீட்டர். (ஒன்பதே கால் என்று அவர் திருத்துவார்.)

பெரியம்மா சட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யாரும்மா ரெண்டு பேரு?"

"அக்காவும் அத்தானும். ஒரே படகுலேருந்து கூப்பிடறாங்க."

"நடுவுல சுவரா?"

"இல்ல, ஒரு தையல் மெஷின்."

"அப்ப என்ன," என்று சொல்லிவிட்டு அவர் எழுத்து அட்டைக்குத் திரும்பிக்கொண்டார்.

போன் திரையில் மூன்று பொத்தான்கள். ஒன்று ஒருவரைக் காத்திருக்க வைக்கும். ஒன்று ஒருவரைத் துண்டிக்கும். மூன்றாவது இரண்டு அழைப்புகளையும் ஒன்றாக இணைத்துவிடும். அதன் பிறகு நான் பேச வேண்டியது எதுவும் இருக்காது. அக்காவிடம் காட்டாதே என்று அத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். உங்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

போனை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். டாக்டர் இன்னும் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அங்கே ஆழம் ஆறே மீட்டர்தான்.