இரண்டு பெட்டி ஆக்சிஜன்

சுரங்கத்தின் கூரை சரிந்தபோது எலக்ட்ரீஷியனும் அவன் அக்கா கணவரும் மட்டும் பாதுகாப்பு அறைக்குள் பாய்ந்துவிட்டார்கள். மச்சான் துளையிடும் இயந்திரம் ஓட்டுபவர். வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று தொடங்கிய வாக்குவாதம் முற்றிப்போய், ஆறு மாதமாக இருவருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை.

நல்லவேளை, அறையிலிருந்த போன் வேலை செய்தது. “தோண்டி வர முப்பது மணி நேரம் ஆகும். தாங்குவீங்களா?” என்றது மேலிருந்து ஒரு குரல்.

“அதுவரைக்கும் கைய கட்டிட்டு உக்காந்திருக்கணுமா?” என்று போனிடமே எரிந்து விழுந்த மச்சான் கடப்பாரையோடு இடிபாட்டைக் குத்தக் கிளம்பினார்.

அவருக்கு மூச்சிரைப்பதைக் கேட்டதும் எலக்ட்ரீஷியன் அறையில் இருப்பதையெல்லாம் சோதித்தான். காற்றுக்குழாய் நசுங்கியிருந்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் தூள் தாராளமாக இருந்தது. ஆனால் ஆக்சிஜன் பெட்டிகள் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் ‘சோடியம் குளோரேட், இரண்டு கிலோ’ என்பது மட்டும் தெரிந்தது; சூடேறினால் ஆக்சிஜனை வெளிவிடும் உப்பு அது. எத்தனை மணி நேரம் வரும் என்ற வரியைத் துரு தின்றிருந்தது.

மாலைக் கல்லூரியில் படித்த சமன்பாட்டைச் சுவரில் சாக்பீஸால் எழுதினான். கணக்கு உதைத்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினான்: இரண்டு மோல் குளோரேட், மூன்று மோல் ஆக்சிஜன்.

“என்ன மாப்ள, பரீட்சையா எழுதற?”

“உக்காருங்க மச்சான், சொல்றேன். இருநூத்திப் பதிமூணு கிராம் குளோரேட்டுக்குத் தொண்ணூத்தாறு கிராம் ஆக்சிஜன். அப்படிப் பாத்தா ரெண்டு கிலோவுக்குத் தொள்ளாயிரம். சேதாரம்னு அம்பதைக் கழிச்சிடுவோம். அசையாம இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் மணிக்கு அம்பது கிராம் போதும்.”

“அப்போ ஒரு பெட்டி?”

“பதினேழு மணி நேரம். ரெண்டும் சேந்தா முப்பத்திநாலு. நீங்க கடப்பாரையால குத்திட்டே இருந்தா அதுல பாதிகூடத் தேறாது.”

மச்சான் கடப்பாரையைக் கீழே வைத்தார். “பேசலாமா? இல்ல, அதுக்கும் கணக்கு இருக்கா?”

“மெதுவா பேசுங்க. நாலு மணி நேரம் மிச்சம் இருக்கே.”

கொக்கியை இழுத்ததும் முதல் பெட்டி சூடேறிச் சீறியது. பேசினார்கள், தூங்கினார்கள், விழித்து மீண்டும் பேசினார்கள். “நீ சொன்ன அந்த மஞ்சள் அப்படியொண்ணும் மோசமில்ல” என்று ஒருமுறை மச்சான் சொன்னபோது, அவன் சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டான்.

இருபத்தொன்பதாவது மணி நேரத்தில் கல் புரளும் சத்தம் கேட்டது. இரண்டாவது பெட்டி அப்போதும் சீறிக்கொண்டிருந்தது. மரத்துப்போன கால்களோடு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். ஓடிவந்த அக்காவுக்கு முதலில் யாரைக் கட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. இருவர் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.