ஐந்து கட்டங்களில் ஐந்து பேர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. பஸ்ஸுக்கு பிரேக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் நான் படிவம் தட்டச்சு செய்பவன். வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் வந்து, வேலை நடக்கும் வரிசைக்கு மேலே நீளமாக ஒரு கயிறு கட்டினார். குறை கண்டவர் யாரானாலும் இழுக்கலாம், வரிசை நிற்கும். பிறகு ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து கட்டங்களில் ஐந்து காரணம் எழுத வேண்டும். அவர் நாட்டில் இழுத்தவருக்கு நன்றி சொல்வார்களாம்.

அவர் விமானம் ஏறியதும், எங்கள் மேனேஜர் காரணத்துக்குப் பதிலாகக் கட்டத்துக்கு ஓர் ஆள் பெயர் எழுதச் சொன்னார். கெட்டவர் இல்லை, பாவம். அவர் வேலை பழகிய இடங்களில் தப்பு என்றால் ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

(இங்கே நாட்டுக்கு நாடு மாறும் நிர்வாகப் பழக்கம் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2.

தொடக்கம், மூன்றாவது முயற்சி: சோதனை மேசையில், மூக்குக்கண்ணாடி போட்டதால் நாங்கள் கண்ணாடியக்கா என்று கூப்பிடும் பெண் குழாயை விளக்கில் திருப்பிப் பார்த்தாள். மயிரிழை போல ஒரு வெடிப்பு.

அது அவள் கணவரின் மெஷினில் வந்த குழாய். குழாயை உருவாக்கும் அச்சு தேய்ந்துவிட்டது என்று அவர் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. யார் காதில் விழுந்தது? படிவத்தில் ஏற்கெனவே இரண்டு முறை அவர் பெயர். மூன்றாவது முறை ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“அட மனுஷா, இன்னிக்குன்னு பாத்தா இது வரணும்?” என்று முணுமுணுத்தாள்.

3.

முடிவு ஒன்று: அவள் இழுக்கிறாள், மேனேஜர் மனம் மாறிப் புது அச்சு வாங்கித் தருகிறார். என் மனைவி படித்துவிட்டு, “காதுல பூ சுத்தாதீங்க” என்றாள்.

முடிவு இரண்டு: இழுக்கவில்லை. குழாய் பஸ்ஸில் ஏறுகிறது. பஸ் ஒரு இறக்கத்தில்

வேண்டாம். எனக்குத் தெம்பில்லை.

4.

நடந்தது இதுதான். கணவர் தன் மெஷினை விட்டு வந்து, தானே இழுத்தார்.

“யாருப்பா இழுத்தது?” என்று மேனேஜர் வந்தார்.

“நான்தான் சார். என் மெஷின் குழாய்தான்.”

முதல் கட்டத்தில் அவர் பெயரைத் தட்டியவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபது நிமிடத்தில் அதே தேய்ந்த அச்சில் வேறு ஆள் நின்றார்.

வாசல் வரை அக்கா ஓடி வந்தாள். “உங்கள யாரு இழுக்கச் சொன்னா? நான் கையத் தூக்கிட்டுத்தானே இருந்தேன்!”

“தூக்கின, பாத்தேன். அப்புறம் கண்ணாடிய சரி பண்ணிட்டுக் கைய எறக்கிட்ட.” அவர் குரலில் கோபமே இல்லை. “தப்பா சொல்லல. சும்மா கேக்குறேன். நீ இழுத்திருப்பியா?”

அவள், “நான்...” என்று

[இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதி அடித்துவிட்டேன். ஆமாம் என்றால் அவர் வேலையை விட்டது வீண். இல்லை என்றால், ஒரே பஸ்ஸில் ஒரே வீட்டுக்கு இருவரும் எப்படிப் போவார்கள்? எனக்குக் களைப்பாக இருக்கிறது. அவர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கள்.]